சுழியம் கிலோ

குலை லோரியின் எஞ்சினுக்குள்ளிருந்து
இரண்டு நாளாகக் கேட்டது அந்தச் சத்தம்.
பெல்ட் தேய்கிறது என்றார் டிரைவர் குணாளன்.
மூன்றாம் நாள் பெல்ட்
கிரீஸ் அப்பிய முகத்தோடு கீழே குதித்து
என் மேசைக்கடியில் ஓடி ஒளிந்தது.

செம்பனை ஆலையின் தராசுச் சாவடி என்னுடையது.
அறுபது டன் வரை பிசகாமல் சொல்லும்.
அடைமழையில் லோரி எதுவும் வராத ஒரு மதியம்
குட்டியைத் தட்டில் விட்டுப் பார்த்தேன்.
சிவப்பு எண்கள் அசையவில்லை.
இருபது கிலோவுக்குக் கீழே
அதன் கணக்கில் யாருமே இல்லை.

யாராவது உள்ளே வந்தால்
பிரிண்டருக்குப் பின்னால் போய்ச் சுவராகிவிடும்.
அவர்கள் போனதும்,
சீட்டு கரகரவென்று இறங்கும்போது
ஒரு கால் மட்டும் நீண்டு தாளை அறையும்.
குலை பன்னிரண்டு டன், நகக்கீறல் ஒன்று.
இது எந்த முத்திரை என்று கேட்டார் கிராணி.
அப்படித்தான் அதன் பெயர் சீட்டு ஆயிற்று.

சாவடியில் வைத்துக்கொள்ள முடியாது.
சக்கரம் ஒவ்வொன்றும் என் நெஞ்சு உயரம்,
பின்னால் வரும்போது அவர்களுக்கு நானே தெரிவதில்லை.
என் வீட்டிலோ
பூனை முடி என்ற சொல்லுக்கே இழுப்பு வரும் தம்பி.

முதலில் பகாவ் டவுன் இரும்புக்கடை ஆ ஹெங்.
எலி பிடிக்குமா என்று ஒரே கேள்வி.
நான்கு நாள், பெயிண்ட் டின்களுக்குப் பின்னால்
சோறு குறைந்தது, குட்டி தெரியவில்லை.
பூனையா ஹந்துவா,
பேய்க்கெல்லாம் மீன் வாங்க முடியாது என்று
அவரே மோட்டாரில் கொண்டுவந்து விட்டார்.

அடுத்து, தாமானில் டீச்சர் யோகமலர் வீடு.
மூன்று பிள்ளைகள். மூன்று பேருக்கும் அன்பு அதிகம்.
தூக்கி, முத்தமிட்டு, பொம்மையின் தொப்பி போட்டு,
படம் எடுத்து,
ஞாயிறு மாலை பள்ளிக் காலணிப் பெட்டியில்
திரும்பி வந்தது.
விளையாடவே மாட்டேங்குது அக்கா என்றாள் கடைசிப் பெண்.
பெட்டியின் உள்பக்கம்
கடித்துக் கடித்து ஒரு சின்ன சன்னல்.

அதன் பிறகு நான் கேள்வி கேட்கத் தொடங்கினேன்.
என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட
எங்கள் வீட்டில் இவ்வளவு கேட்டதில்லை.
நாய் உண்டா. கதவு காற்றுக்கு அறையுமா.
சத்தமாகச் சிரிப்பீர்களா.
பூனைதானே என்றார் ஒருவர்.
ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிலோமினா வந்தது பூனைக்காக அல்ல,
ஆலைச் சீருடைக்கு அளவெடுக்க.
உதட்டில் நான்கு குண்டூசி,
அதனால் பேச்சு இல்லை.
என் தோளை அளந்துவிட்டு, குனிந்து
நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.
அளவு நாடாவின் வால் சிமெண்டில் கிடந்தது.

கால் ஒன்று வந்தது.
போனது.
வந்து, முப்பத்தாறாம் அங்குலத்தைக் கவ்வி இழுத்தது.
காது தெரிந்தது. பிறகு,
மூன்று வாரத்தில் முதல் முறையாக,
பிறர் முன்னால் அதன் முழு முதுகு.

அவள் திரும்பவில்லை.
எழுதுவதை நிறுத்தவும் இல்லை.
கழுத்திலிருந்து நாடாவை மட்டும்
இன்னும் கொஞ்சம் தளர்த்திவிட்டாள்.

நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து
சட்டை வாங்கும் சாக்கில் தையல்கடைக்குப் போனேன்.
மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.
மூலையில் வெட்டுத்துணிக் குவியல்
தானாக ஒருமுறை நகர்ந்தது.
இருக்கு என்றாள், துணியிலிருந்து கண்ணெடுக்காமல்.
பெஞ்சில் அரை மணி நேரம்.
நாக்கு நுனிவரை வந்த பெயரை விழுங்கினேன்,
இங்கே அதற்கு வேறு பெயர் இருக்கலாம்.
எழுந்தபோது
என் இடது காலணிக் கயிறு அவிழ்ந்து கிடந்தது.
இறுக்கித்தான் கட்டியிருந்தேன்.

மறுநாள் முதல் லோரி குணாளனுடையது.
பதினான்கு டன், நாற்பது கிலோ.
சீட்டு இறங்கியது.
இன்னும் ஒரு நொடி
விட்டுத்தான் கிழிக்கிறேன்.